மாற்றலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?

கோயில் கணக்கும் மரண சகாய நிதியும் கணினியில் ஏறிய பிறகு...

ஒரு காட்சியை மனக்கண் முன் கொண்டு வாருங்கள். ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். விடியற்காலையில் தொண்ணூறு வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டார். பால் மரம் சீவிய காலத்திலிருந்தே கோயிலின் மரண சகாய நிதிக்கு மாதந்தவறாமல் பணம் கட்டியவர். மகன் கோயில் செயலாளரைத் தேடி வருகிறார்.

"அண்ணே, அப்பா பேரு லிஸ்ட்டுல இருக்குல்ல?"

செயலாளர் கணினியைத் திறக்கிறார். போன வாரம்தான் புதிய மென்பொருளை ஏற்றினார்கள். பெரியவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதேதோ கீறல்கள். 1929-இல் பிறந்தவருக்குப் பிறந்த ஆண்டு 2029 என்று காட்டுகிறது!

நிதி பெரிய தொகை அல்ல. ஆனாலும் பந்தலுக்கும் பெட்டிக்கும் அன்றைக்கே பணம் வேண்டும். அந்த நேரத்தில் "கம்ப்யூட்டர் சரியில்லை, நாளைக்கு வா" என்று யார் வாயால் சொல்வது?

இது வெறும் கற்பனைதான். ஆனால் நடக்கக்கூடாதது அல்ல. தோட்டத்துக் கோயில்களிலும், இளைஞர் மன்றங்களிலும், கூட்டுக்கட்டுப் பணத்திலும் இன்று செயலாளராக இருப்பவர்கள் சிரம்பானிலும் நீலாயிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள். பெரிய கிராணி செக்ரோல் எழுதிய காலம் போய், பெயர்ப் பட்டியல் கணினிக்குள் புகுந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. "புதிய மென்பொருள் வந்திருக்கிறதாம், மாற்றலாமா?" என்ற கேள்வி உங்கள் கூட்டத்திலும் வரும். அதற்கு என்ன பதில் சொல்லப் போகிறீர்கள்?

அவசரப்பட்டவர்கள் கதை

"பதறாத காரியம் சிதறாது" என்பது நம் முன்னோர் வாக்கு. கணினி உலகில் இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு.

1980-களில் பெயர்ப் பட்டியல், சரக்குக் கணக்கு வைத்திருந்த அலுவலகங்களில் 'டிபேஸ்' என்ற மென்பொருள் மிகப் பிரபலம். அமெரிக்காவின் ஆஷ்டன்-டேட் நிறுவனம் அதைத் தயாரித்தது. 1988-ஆம் ஆண்டு அக்டோபரில் டிபேஸ் 4 வெளிவந்தது. புதியது என்றதும் பலர் ஆசையோடு வாங்கினார்கள். ஆனால் அதில் பிழைகள் மலிந்து கிடந்தன. அவற்றைத் திருத்திய 1.1 பதிப்பு 1990-ஆம் ஆண்டு ஜூலையில்தான் வந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்! அதற்குள் வாடிக்கையாளர்களின் நம்பிக்கை போயிற்று. 1991-இல் அந்த நிறுவனமே போர்லண்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது.

பழைய டிபேஸ் 3 பிளஸிலேயே பொறுமையாக இருந்தவர்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆகவே, இன்று வெளியான பதிப்பை நாளைக்கே ஏற்ற வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. சில மாதங்கள் மற்றவர்கள் ஓட்டிப் பார்க்கட்டும்.

அளவுக்கு மீறிப் பொறுத்தவர்கள் கதை

அதே முன்னோர்கள் "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்றும் சொல்லி வைத்தார்கள். பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் 'அக்செஸ்' 1992-இல் வந்தது. அதில் அக்செஸ் 97 என்ற பதிப்பை உலகெங்கும் சிறு சங்கங்களும் கடைகளும் வெகு காலம் விடாமல் வைத்திருந்தன. அந்தக் கோப்புகளை 2007, 2010 பதிப்புகள் திறந்து, புதிய வகைக்கு மாற்றிக் கொடுத்தன. 2013 பதிப்பு வந்ததும் அந்தக் கதவு அடைபட்டது.

அப்படியானால் அக்செஸ் 97 கோப்பு வைத்திருப்பவர் என்ன செய்வது? பகாவிலிருந்து போர்ட்டிக்சனுக்குப் போகிறவர் சிரம்பானில் இறங்கி வேறு பஸ் ஏறுவதைப் போல, நடுவில் உள்ள ஒரு பதிப்பைத் தேடிப் பிடித்து, அதில் மாற்றி, பிறகுதான் இன்றைய பதிப்புக்கு வர வேண்டும். நடுவழி பஸ் நின்று போனால் பயணமே சிக்கல்.

'விஷுவல் பாக்ஸ்புரோ' என்ற இன்னொரு மென்பொருளின் கதையும் இதுதான். இனிப் புதிய பதிப்பு கிடையாது என்று 2007-இல் அறிவித்தார்கள். 2015 ஜனவரியோடு ஆதரவும் நின்றது. முன்கூட்டியே சொன்னதால், கேட்டவர்களுக்கு அவகாசம் இருந்தது.

அண்மையில் நம் வீட்டு வாசலுக்கே வந்த செய்தி ஒன்று உண்டு. விண்டோஸ் 10, ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 ஆகிய மூன்றுக்கும் மைக்ரோசாப்ட் தந்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அன்றைக்கே கணினி நின்றுவிடாது, பழையபடி ஓடும். ஆனால் புதிய ஓட்டைகளை அடைக்க ஆள் வரமாட்டார். இணையத்தோடு இணைந்திருக்கும் பெட்டிக்கு அது ஆபத்து.

உங்களை நீங்களே கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

முதலாவது: இப்போதுள்ளது வேலையைச் சரியாகச் செய்கிறதா? ரசீது வருகிறதா, பாக்கிப் பட்டியல் வருகிறதா? வருகிறது என்றால் அழகுக்காக மாற்றாதீர்கள்.

இரண்டாவது: தயாரித்த நிறுவனம் இன்னும் அதைக் கவனித்துக் கொள்கிறதா? கவனிக்கிறது என்றால் பொறுக்கலாம். கைவிட்டுவிட்டது என்றால் பதறாமல், ஆனால் நாள் குறித்து, மாற்றும் வேலையைத் தொடங்குங்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது: அதை உருவாக்கியவரைத் தவிர வேறு யாருக்காவது திறக்கத் தெரியுமா? தம்பி ஒருவர் ஆர்வமாகச் செய்து கொடுத்திருப்பார். பிறகு வேலை கிடைத்து சிங்கப்பூர் போயிருப்பார். கடவுச்சொல்லும் அவரோடு போயிருக்கும். அப்படியானால் பதிப்பை மாற்றுவதற்கு முன் இந்தக் குறையை முதலில் தீருங்கள்.

செலவையும் யோசியுங்கள். புதுக் கணினியோடு ஆபீஸ் வாங்கினால் அக்செஸும் கூடவே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே தடவை பணம் கொடுத்து வாங்கும் வீட்டுப் பதிப்பில் அக்செஸ் கிடையாது. ஆண்டுச் சந்தா கட்டும் முறையில் கிடைக்கும். ஆனால் சந்தா நின்றால் புதிதாக எழுதவும் திருத்தவும் வழி அடைபடும். நூறு, இருநூறு குடும்பங்கள் உள்ள தோட்டத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் ஒரு கட்டம் போட்ட பட்டியலே போதும்.

எங்கே வழுக்கும்?

மாற்றும்போது நம்மவர் பட்டியல்கள் நான்கு இடங்களில் வழுக்கும். குறித்துக் கொள்ளுங்கள்.

ஒன்று, தமிழ் எழுத்து. முத்து நெடுமாறன் 1980-களில் உருவாக்கிய முரசு தொடங்கி, நம் நாட்டில் தமிழைக் கணினியில் எழுதப் பல வழிகள் இருந்தன. விண்டோஸ் 2000-த்திலிருந்துதான் விண்டோஸிலேயே யூனிகோட் தமிழ் வந்தது. அதற்கு முந்திய எழுத்துருவில் தட்டிய 'கருப்பாயி', அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கீறலாகத் தெரியும். பெயர் அழியவில்லை, படிக்கத்தான் முடியவில்லை. பழைய எழுத்துருவையும் கோப்போடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்கும் கருவிகள் உண்டு.

இரண்டு, பிறந்த ஆண்டு. இரண்டே இலக்கத்தில் எழுதிய ஆண்டுகளில் 00 முதல் 29 வரை உள்ளதை 2000-க்குப் பின் என்று அக்செஸ் எடுத்துக் கொண்டது. அதனால்தான் தாத்தா பேரனைவிட இளையவராகிறார். ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதுங்கள். அமெரிக்க முறையில் மாதம் முன்னால் வரும் என்பதையும் மறக்காதீர்கள். ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும்.

மூன்று, அடையாள அட்டை எண். 1990-இல் அறிமுகமான பன்னிரண்டு இலக்க எண், பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தில் தொடங்குகிறது. 2005-இல் பிறந்த பிள்ளையின் எண் சுழியத்தில் ஆரம்பிக்கும். அதைக் கூட்டல் கணக்குக்கான எண்ணாகப் பதிந்தால் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போகும். எழுத்தாகவே பதியுங்கள்.

நான்கு, பெயரின் எழுத்துக்கூட்டல். ஒரே அம்மாள் ஓர் ஏட்டில் லெட்சுமி, இன்னொன்றில் லெச்சுமி, அடையாள அட்டையில் வேறொன்று. அந்தக் கால கிராணி காதில் விழுந்தபடி எழுதியது! பெயரை மட்டும் நம்பினால் ஒருவர் இருவராவார், இருவர் ஒருவராவார். ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனி எண் கொடுங்கள்.

எப்படி மாற்றுவது?

மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். மூன்று பிரதி எடுங்கள்: ஒன்று கணினியில், ஒன்று பென்டிரைவில், இன்னொன்று வேறொருவர் வீட்டில். பட்டியலை எந்தக் கணினியும் படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பாகவும் எடுத்து வையுங்கள். தாளிலும் அச்சிடுங்கள், பக்கத்துக்கு முப்பது பேர் என்றால் முந்நூறு குடும்பத்துக்குப் பத்தே பக்கம்தான்.

பிறகு பிரதியில் மட்டும் புதியதைச் சோதியுங்கள். ஒரு மாதம் பழையதிலும் புதியதிலும் சேர்த்தே பணம் பதியுங்கள். மாத முடிவில் உறுப்பினர் தொகை, வசூல் தொகை, மிக மூத்தவரின் பிறந்த தேதி ஆகிய மூன்றையும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்துப்போன பிறகே பழையதை ஓரம் கட்டலாம். திருவிழாத் தண்டல் நடக்கும் மாதத்தில் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

1960-ஆம் ஆண்டில், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். அன்று தாத்தா பெயரில் எழுதிய ஒரு வரியைத் தேடிப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். அந்த வரியை எழுதிய காலத்தில் டிபேஸும் இல்லை, அக்செஸும் இல்லை.

உங்கள் தோட்டத்துப் பட்டியலையும் ஒருநாள் ஒரு பேத்தி தேடி வருவாள். மென்பொருளை இந்த ஆண்டு மாற்றுவதா, அடுத்த ஆண்டா என்பதைக் கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள். ஆனால் அந்தப் பத்துப் பக்கத்தை அச்சிட்டுக் கோயில் அலமாரியில் வைப்பதை மட்டும் அடுத்த கூட்டம் வரை தள்ளிப் போடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள்.