கடல் திரும்புவதை உடலுக்குச் சொல்லித்தருவது எப்படி?

ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் இருக்கிறது ப்ரூம். அங்கே கடல் உள்வாங்கினால் சாதாரணமாக உள்வாங்காது. சில நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 30 அடி மாறும், அதாவது மூன்று மாடி வீட்டின் உயரம். ஆறு மணி நேரத்தில் இறங்கி, அடுத்த ஆறு மணி நேரத்தில் ஏறிவிடும். வற்றிய தரையில் வெகுதூரம் போனவர் திரும்பும் நேரத்தைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து. கடல் திரும்புவதைக் குவயி என்ற பறவையின் குரல் அறிவிக்கும் என்பது அந்த மண்ணின் பூர்வகுடிகளான யாவுரு மக்களின் அறிவு. நடனக் கலைஞர் டலிசா பிக்ரம் 2013இல் அந்தக் குரலை ஒரு தனிநபர் நடனமாக்கினார். பெயர் ‘குதிர் குதிர்’.

இப்படி ஒரு நடனம் ஆடுபவரை உருவாக்குவது எப்படி? அடவு சொல்லித்தரலாம். ஆனால் கடல் திரும்பும் கணத்தின் பதற்றத்தை எப்படிச் சொல்லித்தருவது?

கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூக்கைத் தொடுங்கள். விரல் தடுமாறாமல் போய்ச் சேர்ந்துவிட்டது அல்லவா? தசைகளுக்குள் பொதிந்திருக்கும் மெல்லிய உணர்விழைகள், எந்தத் தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று மூளைக்கு இடைவிடாமல் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. இதை ‘உடல்நிலை உணர்வு’ என்று சொல்லலாம். ஐம்புலன் கணக்கில் வராத இந்தப் புலன்தான் நடனக் கலைஞரின் மூலதனம். சிக்கல் என்னவென்றால், குருவின் உடலுக்குள் நடப்பது மாணவருக்குத் தெரியாது. கண்ணால் பார்க்க மட்டுமே முடியும்.

பார்ப்பதற்குள்ளும் ஓர் அதிசயம் ஒளிந்திருக்கிறது. 2005இல் லண்டனில் பாலே ஆடுபவர்களுக்கும், பிரேசிலின் கபோய்ரா ஆடுபவர்களுக்கும் இரண்டு வகை ஆட்டங்களின் வீடியோவையும் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். தாம் பயின்ற ஆட்டத்தைப் பார்க்கும்போது, அசைவைத் திட்டமிடும் பகுதிகள் கூடுதலாக விழித்துக்கொண்டன. அடுத்த ஆண்டு இன்னும் நுட்பமான சோதனை. பாலேவில் ஆண்களுக்கென்றும் பெண்களுக்கென்றும் தனி அசைவுகள் உண்டு. ஒரே கூடத்தில் பயில்வதால் இரு தரப்பும் எல்லாவற்றையும் தினமும் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் தாமே ஆடிய அசைவுக்குத்தான் மூளை அதிகம் துள்ளியது. கார் ஓட்டத் தெரிந்தவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாலும், எதிரே லாரி வந்ததும் இல்லாத பிரேக்கை மிதிப்பார் இல்லையா, அதுபோல. ஆடிய உடல் வேறு விதமாகப் பார்க்கிறது.

அப்படியென்றால் வெவ்வேறு பண்பாடுகளில் பயின்றவர்கள் ஒரே கூடத்தில் நின்றால், ஒரே அசைவை ஆளுக்கொரு விதமாகத்தான் ‘பார்ப்பார்கள்’. இங்குதான் டலிசாவும் இயக்குநர் ரேச்சல் ஸ்வெயினும் சேர்ந்து நடத்தும் மருகெக்கு நடனக் குழுவின் சாமர்த்தியம் எனக்கு வியப்பளிக்கிறது. அவர்கள் அடவைவிடக் கேள்வியைக் கொடுப்பதையே நம்புகிறார்கள். உன் ஊர் உன் உடம்பில் எங்கே இருக்கிறது, அதை அசைத்துக் காட்டு என்பது போன்ற கேள்விகள். பதில் தேடும் உடல், தான் ஏற்கெனவே சேர்த்துவைத்ததைத்தான் துழாவும். சைக்கிள் ஓட்டுவதை மறக்கவிடாமல் காக்கும் அதே ‘செயல் நினைவு’, மூளையின் அடியாழத்தில் இருந்து எழுந்து வரும். டலிசாவின் உடலிலும் அப்படிப் பல ஊர்கள் கலந்திருக்கின்றன. அவருடைய வேர்கள் யாவுரு, பார்டி மக்களிடமும் மலாய், பிலிப்பினோ மூதாதையரிடமும் இருக்கின்றன. முத்துக்குளிப்பால் பல தேசத்தார் வந்து சேர்ந்த ஊர் ப்ரூம்.

கேள்வியைக் கொடுப்பதற்கு இன்னொரு கனமான காரணமும் உண்டு. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடம் மரபு நடனங்கள் பலவும் குறிப்பிட்ட நிலத்துக்கும் குடும்பங்களுக்கும் உரியவை. பிடித்திருக்கிறது என்று யாரும் எடுத்து ஆடிவிட முடியாது. மூத்தோரின் அனுமதி வேண்டும். யாவுரு மூத்தவரும் முன்னாள் செனட்டருமான பாட்ரிக் டாட்சன் போன்றோர் பண்பாட்டு ஆலோசகர்களாகப் படைப்பின் தொடக்கத்திலிருந்தே உடன் இருக்கிறார்கள். டலிசாவும் இப்படி வளர்ந்தவர்தான். 1996இல் ஆர்னம் லேண்டின் குன்விஞ்ச்கு மக்களோடு சேர்ந்து உருவான மருகெக்குவின் ‘மிமி’ படைப்பில், பாறைகளில் வாழும் ஒல்லிக்குச்சி ஆவிகளைப் பொய்க்கால் கட்டி ஆடிக்காட்டிய முதல் குழுவில் அவரும் இருந்தார்.

பிறகு அவர் மற்றவர்களை வளர்த்தெடுக்கும் இடத்துக்கு வந்தார். 2018இல் அரங்கேறிய ‘புர்ப்கஜா யாலிரா’ மூன்று தனி நடனங்களின் தொகுப்பு. பெயருக்கு யாவுரு மொழியில் முன்னோக்கி ஆடுவது என்று பொருள். ஆடிய மூவரில் எட்வின் லீ மல்லிகன் ஓவியர், கவிஞர். மிராண்டா வீன் வெள்ளையர். எரிக் ஏவரி வயலின் கலைஞர்.

ஏவரி எடுத்துக்கொண்டது வெள்ளையரும் பூர்வகுடியினரும் முதன்முதலில் எதிர்ப்பட்ட காலத்தை. 1788 ஜனவரியில் சிட்னிப் பகுதியில் வந்திறங்கிய ஆங்கிலேயரும் அங்கிருந்த மக்களும் ஒன்றாக ஆடியதை வில்லியம் பிராட்லி என்ற கடற்படை அதிகாரி குறித்து வைத்திருக்கிறார். கைகோத்து ஆடுவதை வரைந்தும் இருக்கிறார். இரு தரப்பும் பொதுவாகப் பயின்ற அடி ஒன்றுகூட அன்று இருந்திருக்காது. 230 ஆண்டுகள் கழித்து அந்தக் கணத்துக்கு ஏவரி வயலினோடு மேடையில் திரும்பிப் போகிறார். வாசித்தபடியே ஆடுகிறார்.