ஹெவி மெற்றல் இசையும் அதன் ஆய்வாளரும்: ஒரு சமூகவியல் நோக்கு

கலைகளின் தோற்றத்தை அவை பிறந்த சமூகத்தின் உற்பத்தி முறையோடு இணைத்து நோக்கவேண்டும் என்பது நம் ஆய்வாளரிடையே பெருமளவுக்கு ஏற்கப்பட்ட கருத்தாகும். ஆயினும் இக்கருத்தை ஏற்போர் தமக்கு உவப்பான கலைகள் விடயத்திற் காட்டும் அக்கறையை உவப்பற்ற கலைகள் விடயத்திற் காட்டுவதில்லை. காதைச் செவிடாக்கும் இரைச்சல், பேய் பிசாசுகளைப் பற்றிய பாட்டு, நீள்முடியும் கறுப்புடையும் தரித்த இளைஞர் கூட்டம் என்ற அளவிலேயே பலராலும் அறியப்படும் ஹெவி மெற்றல் இசை அவ்வாறு நெடுங்காலம் ஒதுக்கிவைக்கப்பட்ட கலைகளுள் ஒன்று. இங்கிலாந்தின் தொழிலாளர் குடியிருப்புகளிற் பிறந்த இவ்விசையை அதன் இரசிகர் எவ்வாறு அறிந்தனர், ஆய்வாளர் எவ்வாறு அறிந்தனர், இவ்விரு அறிவும் எங்கே சந்தித்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். ஹெவி மெற்றல் என்பதைக் கன உலோகம் எனத் தமிழாக்கலாம். ஆனால் புணர்ச்சி விதிப்படி அது 'கனவுலோகம்' என நின்று, படிப்போரைச் சினிமாப் பாடலொன்றுக்கு இட்டுச் சென்றுவிடும். எனவே ஆங்கிலப் பெயரையே இங்கு ஆளுகின்றேன். அப்பெயருங்கூட முதலில் இசைத் திறனாய்வாளர் பலரால் இகழ்ச்சிப் பொருளிலேயே வழங்கப்பட்டது.

இவ்விசையின் பிறப்பிடமாகப் பொதுவாகச் சுட்டப்படுவது பேர்மிங்காம் நகரின் அஸ்ரன் பகுதியாகும். அப்பகுதித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த ரொனி அயோமி, ஒஸி ஒஸ்போர்ன், கீஸர் பட்லர், பில் வார்ட் ஆகிய நால்வரும் அமைத்த 'பிளக் சபத்' குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பெப்ரவரி 13இல் வெளிவந்தது. பாடகரான ஒஸ்போர்ன் (இவர் 2025 யூலை 22இல் காலமானார்) இசைக்கு வருமுன் இறைச்சிக்காக விலங்குகளைக் கொல்லும் கூடத்தில் வேலை செய்தவர். சிறு திருட்டுக்காகச் சிறை சென்றவர். அயோமி உலோகத் தகட்டு ஆலையொன்றிற் பணிபுரிந்தார். 17 வயதில், முழுநேர இசைக்கலைஞனாகும் எண்ணத்துடன் அவ்வேலையிலிருந்து விலகவிருந்த கடைசி நாளன்று, அவரது வலக்கையின் இரு விரல் நுனிகளை இயந்திரம் துண்டித்தது. இடக்கைப் பழக்கமுள்ள அவருக்கு வலக்கையே கிற்றாரின் தந்திகளை அழுத்தும் கை. பிளாஸ்ரிக் போத்தலொன்றை உருக்கி விரலுறைகள் செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி அவர் மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். பிற்பாடு தந்திகளின் முறுக்கைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். 1971இல் வந்த 'மாஸ்ரர் ஒவ் றியாலிற்றி' இசைத்தட்டின் சில பாடல்களிற் சுருதி மூன்று அரைச்சுர அளவுக்கு இறங்கியிருப்பதைக் காணலாம். காயப்பட்ட விரலுக்கு இதமாக அமைந்த இம்மாற்றம் கேட்போருக்குக் கனத்த, ஆழ்ந்த நாதமாக அமைந்தது.

ஆலை விபத்தே ஓர் இசை வகையைப் பிறப்பித்தது என்று இதிலிருந்து முடிவு கட்டுதல் யாந்திரிகமான பொருள்முதல்வாதமாகும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசை இன்றி இவ்விசை இல்லை. லெட் செப்பலின், டீப் பேர்ப்பிள் முதலிய குழுக்களின் பங்களிப்பும் மறுக்கவியலாதது. எனினும் தொழிலாளியின் உடலிற் பதிந்த உற்பத்திமுறை அவன் கலையின் ஒலியிலும் பதிந்தமைக்கு இதனினும் வெளிப்படையான சான்றைக் காண்பது அரிது.

இவ்விசையின் அடிப்படை அலகை நம் இசை மரபின் சொற்களைக் கொண்டே விளக்கலாம். 'பவர் கோட்' எனப்படுவது ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் ஒருசேர மீட்டுவதாகும். செக்கனுக்கு 110 அதிர்வுகளைக் கொண்ட சுரம் ஷட்ஜமாயின் அதன் பஞ்சமம் 165 அதிர்வுகளைக் கொண்டது. அம்பிளிபயரை அதன் இயல்பான எல்லைக்கு அப்பால் முடுக்கும்போது ஒலி திரிபடைகின்றது; அத்திரிபில் இரு சுரங்களின் வேறுபாடாகிய 55 அதிர்வுகளைக் கொண்ட மூன்றாவது சுரமொன்று தோன்றுகின்றது. அது முதற் சுரத்தின் கீழ்த்தாயி ஷட்ஜமேயாகும். கிற்றார்க்காரர் மீட்டாத ஆழ்சுரமொன்று கேட்போரின் காதில் விழுகின்றது. இரைச்சல் எனத் தள்ளப்படுவதன் உள்ளே இத்தகைய ஒழுங்கு உண்டு. மின்கருவியின் 'பழுது' எனப் பொறியியலாளர் கருதியதை இக்கலைஞர் வலிமையின் குறியீடாக்கினர்.

பிளக் சபத் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதற் பாடல் ஷட்ஜத்துக்கும் பிரதிமத்திமத்துக்கும் இடையிலான தாவலில் அமைந்தது. ஐரோப்பிய இசைக் கோட்பாட்டில் இந்த இடைவெளி இசையினுட் புகுந்த சாத்தான் என வருணிக்கப்பட்டதுண்டு. மத்தியகாலத் திருச்சபை இதனைத் தடைசெய்திருந்தது என்பது இரசிகர் விரும்பிச் சொல்லும் கதை. அத்தகைய தடை இருந்தமைக்கு வரலாற்றுச் சான்று இல்லை. அதே பிரதிமத்திமத்தைக் கல்யாணி இராகத்திற் கேட்கும் நமக்கு எந்தச் சாத்தானும் தென்படுவதில்லை. சுரங்களுக்கு அச்சத்தை ஊட்டுவது மரபேயன்றி இயற்கை அன்று என்பதற்கு இது போதும்.

அதே நிலப்பகுதியிலிருந்து தோன்றிய இன்னொரு குழு 'ஜூடாஸ் பிறீஸ்ற்'. இதன் கிற்றார்க் கலைஞர் கிளென் ரிப்ரன் உருக்குக் கூட்டுத்தாபனத்தில் வேலை செய்தவர். 1980 ஜனவரியில் தொடங்கிய பிரித்தானிய உருக்குத் தொழிலாளரின் தேசிய வேலைநிறுத்தம் ஏப்பிரலில் முடிவுற்றது. அக்குழுவின் 'பிரித்தானிய உருக்கு' என்ற பெயர்கொண்ட இசைத்தட்டு அதே ஏப்பிரலில் வெளிவந்தது.

இனி நாம் நோக்கவேண்டியது ஆய்வுலகம். அஸ்ரனிலிருந்து ஒருசில மைல் தொலைவிலுள்ள பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், 1964ஆம் ஆண்டு றிச்சட் ஹொகார்ட் சமகாலப் பண்பாட்டாய்வு மையத்தை நிறுவினார். அவருக்குப் பின் ஸ்ருவேட் ஹோல் தலைமையேற்றார். தொழிலாள வர்க்க இளைஞரின் உடை, இசை, ஒழுகலாறு ஆகியவற்றை வர்க்க முரண்பாட்டின் வெளிப்பாடுகளாக வாசிக்கும் முறையை இம்மையமே உலகுக்கு வழங்கியது. மொட்டைத்தலையர், மொட் இளைஞர், றாஸ்ரபாரியர் எனப் பலர் இங்கு ஆராயப்பட்டனர். போல் வில்லிஸ் மோட்டார்ச் சைக்கிள் இளைஞரையும் ஹிப்பிகளையும் ஆராய்ந்தார். டிக் ஹெப்டிஜ் 1979இல் எழுதிய நூல் பங்க் இளைஞரின் ஊசிகளுக்கும் கிழிசல்களுக்கும் நுண்ணிய பொருள் கண்டது. ஆனால் மையத்தின் வாசலிலேயே, அந்நகரின் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளிடமிருந்து எழுந்த ஹெவி மெற்றல் அவ்வாய்வுகளிற் பொருட்படுத்தத்தக்க இடத்தைப் பெறவில்லை.

இதற்குக் காரணம் யாது? மையத்தினர் எதிர்ப்பைத் தேடினர். அதுவும் தாம் வாசிக்கத்தக்க எதிர்ப்பைத் தேடினர் என்பதே என் கருத்து. பங்க் இளைஞன் அரசியை ஏளனஞ் செய்தான். மெற்றல் இரசிகனோ வாரமெல்லாம் ஆலையில் உழைத்துவிட்டுச் சனிக்கிழமை இரவில் தலையை உலுக்கி ஆடினான். அவனது கோபத்துக்கு விலாசம் இருக்கவில்லை. மேலும் அவர்தம் ஆய்வுமுறை உடையை வாசித்த அளவுக்கு ஒலியை வாசிக்கவில்லை. மெற்றலிலோ சொல்லவேண்டியவற்றிற் பெரும்பகுதி ஒலியிலேயே இருந்தது. போருக்கு ஏழைகளை அனுப்பும் அதிகாரிகளைச் சாடும் பிளக் சபத் பாடல் 1970இலேயே வெளிவந்துவிட்டது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் தகும்.

ஆய்வாளர் கைவிட்ட இடத்தை ஒழுக்கக் காவலர் நிரப்பினர். 1985 செப்ரெம்பரில் அமெரிக்க மேற்சபைக் குழுவொன்று இசைத்தட்டுகளின் 'ஆபாசம்' பற்றி விசாரித்தபோது, 'ருவிஸ்ரட் சிஸ்ரர்' குழுவின் டீ ஸ்னைடர் சாட்சியமளித்தார். சித்திரவதையைப் பாடுவதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட தம் பாடல் சத்திரசிகிச்சையைப் பற்றிய அச்சத்தையே பாடுகின்றது என அவர் விளக்கவேண்டியிருந்தது. 1990இல் நெவாடா மாநிலத்தின் றீனோ நகரில், இளைஞர் இருவரின் தற்கொலை முயற்சிக்கு ஜூடாஸ் பிறீஸ்ற் இசைத்தட்டில் மறைந்துள்ள கட்டளையே காரணம் எனத் தொடுக்கப்பட்ட வழக்கு தள்ளுபடியாயிற்று. ஆனால் எல்லா வழக்கும் அவ்வாறு முடியவில்லை. 1993இல் ஆர்க்கன்சோ மாநிலத்தில் சிறுவர் மூவர் கொலையுண்டபோது, பதின்ம வயதினர் மூவர் கைதுசெய்யப்பட்டு மறு ஆண்டில் தண்டிக்கப்பட்டனர். ஒருவருக்கு மரண தண்டனை. அவர்களுள் சிலர் கறுப்பு உடை அணிந்தமையும் மெற்றல் இசை கேட்டமையும் சாத்தான் வழிபாட்டின் அறிகுறிகளாக நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டன. தம் குற்றமின்மையை வலியுறுத்தியவாறே சட்ட உடன்பாடொன்றின் மூலம் அவர்கள் விடுதலை பெற்றது 2011இல். இடையில் 18 ஆண்டுகள் சிறையிற் கழிந்தன. ஒரு பண்பாட்டின் குறியீடுகளை அப்பண்பாட்டினர் என்ன பொருளில் வழங்குகின்றனர் என்பதை அறியாமை இங்கு வெறும் புலமைக் குறைபாடாக நிற்கவில்லை.

புலமை நிலையில் மாற்றம் 1990களின் தொடக்கத்தில் ஏற்பட்டது. சிக்காகோவில் சமூகவியல் கற்பித்த டீனா வைன்ஸ்ரைன் 1991இல் வெளியிட்ட நூல், கலைஞர், இரசிகர், இடைநின்ற வணிகர் ஆகிய முத்தரப்பின் உறவாக மெற்றலை விளக்கியது. சமயப் பழைமைவாதிகளும் இடதுசாரி விமரிசகரும் இவ்விசையைக் கண்டிப்பதில் ஒன்றுபட்டமையை அவர் சுட்டியது முற்போக்காளர் சிந்திக்கவேண்டிய விடயமாகும். மெற்றல் இரசிகரை அவர் 'பெருமிதங்கொண்ட பறையர்' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடராற் குறிக்கின்றார். அச்சொல்லை ஆங்கிலம் நம் சாதிக் கொடுமையிலிருந்தே கடன்பெற்றது. தமிழில் அதனை மீளப் பெயர்க்கக் கை கூசுகின்றது. மெற்றல் இளைஞன் ஒதுக்கத்தைத் தானே விரும்பி அணிந்து, வேண்டாதபோது கழற்றிவைக்கலாம். பிறப்பாற் சுமத்தப்பட்டோர்க்கு அது இயலாது. இவ்வேறுபாட்டை ஆங்கிலச் சொல் மறைத்துவிடுகின்றது.

1993இல் நூல் எழுதிய றொபேட் வோல்சர் இசையியல் அறிஞர். அதேவேளை மெற்றல் குழுக்களிற் கிற்றார் வாசித்தவர். பாக், விவால்டி ஆகியோரின் இசையமைப்பு முறைகளை மெற்றல் கலைஞர் தாமே முயன்று கற்றுக் கையாண்டமையை அவர் சுரப்படுத்திக் காட்டினார். வீட்டு அறையில் ஒலிநாடாவை மீண்டும் மீண்டும் சுழற்றி விரலோட்டம் பழகிய இளைஞரின் உழைப்பு அவருக்குப் புலப்பட்டது. உள்ளேயிருந்து நோக்கியமையாலேயே புலப்பட்டது. பெண்களை முற்றாக நீக்கிய ஆண் உலகமொன்றை இவ்விசை கற்பனை செய்வதையும் அவரே எடுத்துக்காட்டினார். ஆண்மையின் சின்னமாகிய தோலுடையை மெற்றலுக்குத் தந்த ஜூடாஸ் பிறீஸ்ற் பாடகர் றொப் ஹல்போர்ட், தாம் தற்பால் விழைவுடையவர் என 1998இற் பகிரங்கமாக அறிவித்தபோது, அவ்வாண்மை எத்துணை வேடம் என்பது பலருக்கு விளங்கியது.

இரசிகரே ஆய்வாளராவதில் ஆபத்தும் உண்டு. நேசித்த பொருளுக்காக வழக்காடும் மனநிலை ஆய்வை வக்காலத்தாக்கிவிடும். இதற்கு மாற்றாக அமைவது கீத் கான்-ஹரிஸ் 2007இல் வெளியிட்ட நூல். 1990களின் தொடக்கத்தில் நோர்வேயில் 'பிளக் மெற்றல்' குழுவினர் சிலர் தேவாலயங்களை எரித்தனர். அவ்வட்டாரத்தில் இனவாதமும் தலைதூக்கியது. இதனை அறிந்திருந்தும் 'எங்களுக்கு இசையே முக்கியம்' என இரசிகர் ஒதுங்கும் போக்கை, அறியாமையாகவன்றி, அறியாதிருக்கத் தெரிந்தே எடுத்த முடிவாக அவர் இனங்கண்டார். வெளியார் இவ்வாறு எழுதியிருப்பின் இரசிகர் நகைத்திருப்பர். தொழிலாள வர்க்கத்திற் பிறந்த கலை என்பதாலேயே ஒரு கலை என்றும் முற்போக்கானதாக இருந்துவிடாது என்ற உண்மையை வர்க்க ஆய்வாளர் கற்றுக்கொள்ளவும் இந்நூல் உதவும்.

பண்பாட்டாய்வு மையத்தின் வழிவந்த துறையைப் பேர்மிங்காம் பல்கலைக்கழகம் 2002இல் மூடிவிட்டது. மெற்றல் ஆய்வுக்கென ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் நகரில் 2008இற் சர்வதேச மாநாடொன்று கூடியது. இன்று தனி ஆய்விதழும் வெளிவருகின்றது. பேர்மிங்காமிலோ 'மெற்றலின் இல்லம்' என்ற திட்டத்தின்கீழ் 2011இலும், பிளக் சபத் குழுவுக்கென 2019இலும் கண்காட்சிகள் நடைபெற்றன. இரசிகர் பல ஆண்டுகள் பேணிவைத்திருந்த நுழைவுச்சீட்டுகள், சின்னங்கள் தைத்த மேற்சட்டைகள், புகைப்படங்கள் போன்றவற்றையும் அவர்தம் நினைவுகளையும் அத்திட்டத்தினர் திரட்டலாயினர். ஒரு மேற்சட்டையில் எந்தக் குழுவின் சின்னம் எதற்கு அருகில், எந்த ஆண்டில் தைக்கப்பட்டது, அதை அணிந்தவர் அப்போது எந்த ஆலையில் வேலை செய்தார், அல்லது வேலையற்றிருந்தார் என்பன போன்ற கேள்விகளை இப்பொருள்களை முன்வைத்து, உரியவர்கள் உயிருடனிருக்கும் போதே கேட்டுப் பதிவுசெய்யலாம்.