கறுப்பெண்ணெய் எங்கே போகிறது?

தோட்டப்புறங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டை இன்று காண்பது அரிது. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்ட இடங்களிலும், தோட்டமே துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறிய இடங்களிலும், பழைய தொழிலாளர் குடும்பங்கள் வேலைக்குப் போய்வர இவ்வாகனத்தையே பெரிதும் நம்பியிருக்கின்றன. 1958ஆம் ஆண்டில் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டா கப் வண்டியை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். மக்கள் அதற்குக் 'கப்சாய்' என்று பெயரிட்டனர். அதன் வழிவந்த சி70, இஎக்ஸ்5 வண்டிகள் இருபது, முப்பது ஆண்டுகள் கடந்தும் சுங்கை சிப்புட், செம்மோர், கம்பார் வட்டாரங்களில் உழைத்துக் கொண்டிருக்கின்றன.

இத்தகைய பழைய வண்டிகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் குறை, 'கறுப்பெண்ணெய் ஊற்ற ஊற்றக் குறைகிறது' என்பதே. பட்டறைகளில் மினியாக் ஹீத்தாம் என்று கேட்டு வாங்கும் மசகெண்ணெயைத்தான் சொல்கிறோம். இஎக்ஸ்5 வண்டிக்கு எண்ணெய் மாற்றும்பொழுது ஊற்றப்படுவது 0.7 லிட்டர் மட்டுமே. இயந்திரம், கியர், கிளட்ச் ஆகிய மூன்றும் அந்தச் சிறிதளவு எண்ணெயிலேயே ஓடுகின்றன. எண்ணெய் குறைந்துவிட்டது என்று எச்சரிக்கும் விளக்கும் அதில் இல்லை. எண்ணெய் வற்றினால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் இறுகும். ஓடும் வண்டியின் பின்சக்கரம் திடீரென நின்றுவிடும். கப்சாய் வண்டியில் கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது என்பதால், அந்நேரத்தில் கியர் மிதியை அழுத்தி அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். அப்பொழுதுதான் சக்கரம் விடுபடும். இதனை வீட்டிலுள்ள இளைஞர்களுக்கும் சொல்லி வைப்பது நல்லது.

எவ்வளவு குறைகிறது என்று அளந்து பார்ப்பதே முதற்பணி. இயந்திரத்தை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, மேலும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, சமதரையில் நடுத்தாங்கியில் வண்டியை நிறுத்துங்கள். அளவுகோலைத் துடைத்து, திருகாமல் உள்ளே வைத்தெடுத்துப் பாருங்கள். மேற்கோடு வரை எண்ணெயை நிரப்பி, கிலோமீட்டர் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியபின், மீண்டும் மேற்கோட்டை எட்ட எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை, அளவுக் கோடுள்ள மருந்துப் புட்டியால் அளந்து ஊற்றுங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு வேலைக்குச் செல்பவர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் ஓட்டுகிறார். மாதத்தில் அது 1500 ஆகிவிடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு 200 மில்லிலிட்டர் குறைந்தால் ஒரு மாதத்தில் 300 போய்விடும். இருப்பதே 700 என்பதை மறவாதீர்கள். பழைய இயந்திரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு 100 மில்லிலிட்டருக்குள் குடித்தால், வாரந்தோறும் பார்த்து ஊற்றி ஓட்டிக்கொண்டே இருக்கலாம் என்பது நம் கருத்து. செலவை அதற்குமேல் யோசிப்போம்.

குறையும் எண்ணெய் வெளியே கசிகிறதா, உள்ளே எரிகிறதா? செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்கு இதற்கு விடை எளிது. எண்ணெய் கசியும் இடத்தில் செம்மண் தூசி அப்பிக் கெட்டியாகியிருக்கும். அதனைக் கழுவித் துடைத்து, முகப்பவுடர் தூவி, பத்துக் கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால் ஈரக்கோடு தெரியும். பலரும் காணத் தவறும் இடம் ஒன்றுண்டு. இடப்புறம் சங்கிலி மூடிக்குள், முன் பற்சக்கரத் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தேய்ந்தால் எண்ணெய் சங்கிலிமீது தெறித்துக்கொண்டே போகும். சங்கிலி எப்பொழுதும் பளபளப்பாக இருப்பதைக் கண்டு உரிமையாளர் மகிழ்ந்திருப்பார்!

கசிவு இல்லையென்றால் புகையைக் கவனியுங்கள். கரும்புகை பெட்ரோல் மிகுதியால் வருவது. குளிர்ந்த காலையில் தோன்றி மறையும் வெண்ணிற ஆவி வெறும் நீராவி. எண்ணெய் எரிந்தால் புகை நீலநிறமாக, காந்தல் மணத்துடன் வரும். பழைய யமஹா, சுசுகி இருவீச்சு வண்டிகள் பெட்ரோலுடன் எண்ணெயை எரிக்கவே அமைக்கப்பட்டவை; அவற்றின் புகையை இங்குக் கணக்கில் கொள்ள வேண்டாம்.

நீலப்புகை எப்பொழுது வருகிறது என்பதே நோயைக் காட்டிக்கொடுக்கும். எண்ணெய் எரியும் அறைக்குள் நுழைய இரண்டு வழிகள் உள்ளன. மேலிருந்து, வால்வுத் தண்டைப் பற்றியுள்ள சிறு ரப்பர் தேய்ந்து அதன் வழியாக இறங்கலாம். கீழிருந்து, பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் தேய்ந்து அவற்றின் இடைவெளியில் ஏறலாம். வால்வு ரப்பர் கெட்டிருந்தால், இரவு முழுதும் சொட்டிய எண்ணெய் காலையில் முதல் உதையில் குப்பென்று புகைந்து, பிறகு அடங்கிவிடும். கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் நீண்ட சரிவை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை முறுக்காமல் இறங்கும்பொழுது இயந்திரம் காற்றுக்காக உறிஞ்சும். அவ்வுறிஞ்சலில் வால்வுத் தண்டு வழியே எண்ணெய் இறங்கும். அடிவாரத்தில் மீண்டும் முறுக்கியதும் ஒரு மேகம் எழும். வளையங்கள் தேய்ந்திருந்தால் நிலைமை வேறு. மேட்டில் ஏறும்பொழுதும் பாரம் ஏற்றும்பொழுதும் புகை இடைவிடாது வரும்; வண்டியின் இழுவையும் குறையும்.

பட்டறையில் அழுத்தமானி இருந்தால் இதனை உறுதிசெய்யலாம். பிளக்கைக் கழற்றி மானியைப் பொருத்தி, கைப்பிடியை முழுதும் முறுக்கியபடி பலமுறை உதைத்து அளவைக் குறிக்க வேண்டும். பிறகு பிளக் துளை வழியே ஒரு சிறு கரண்டி எண்ணெய் ஊற்றி மீண்டும் உதைக்க வேண்டும். அளவு நன்கு உயர்ந்தால் குற்றம் வளையங்களிலோ சிலிண்டரிலோ உள்ளது. ஊற்றிய எண்ணெய் அவ்விடைவெளியைச் சிறிது நேரம் அடைத்திருக்கிறது. குறைந்த அளவு உயராமலே இருந்தால் வால்வு சரியாக உட்காரவில்லை எனலாம். ஆனால் அளவு நன்றாக இருப்பதால் மட்டும் வளையங்கள் நலம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. மேலிரண்டு வளையங்கள் அழுத்தத்தைக் காப்பவை. மூன்றாவது வளையமே எண்ணெயை வழித்து இறக்குவது. அது தேய்ந்தாலும் மானி காட்டாது. எனவே புகையின் சாட்சியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இதனை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. இக்கட்டுரையாளரின் பழைய வண்டியும் ஒரு காலத்தில் காலைதோறும் புகைந்தது. ஒரு பட்டறையில் எதையும் சோதிக்காமல் சிலிண்டரைக் கடைந்து புதிய பிஸ்டன் போட்டார்கள். ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போயிற்று. மறுநாள் காலையிலும் புகை வந்தது. பின்னர் மாற்றப்பட்டது சில வெள்ளி விலையுள்ள வால்வு ரப்பர்தான்.

தலைப்பகுதியைக் கழற்றும் நாளில் அருகிலிருந்து பாருங்கள். பிஸ்டன் தலையின் ஓரம் எண்ணெயால் கழுவப்பட்டுச் சுத்தமாக இருந்தால் எண்ணெய் கீழிருந்து வந்திருக்கிறது. காற்று நுழையும் வால்வின் பின்புறம் ஈரமாகவும் கரி கட்டியும் இருந்தால் மேலிருந்து வந்திருக்கிறது. வால்வை அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் வழிகுழல் தேய்ந்து ஆடினால், புதிய ரப்பரும் நெடுநாள் நில்லாது. வளையத்தைச் சிலிண்டருக்குள் நேராக வைத்து அதன் வாய் இடைவெளியை அளக்க வேண்டும்; இவ்வகைச் சிறிய இயந்திரங்களில் அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்டால் வளையத்தின் ஆயுள் முடிந்தது. சிலிண்டர் சுவர் வரி விழாமலும் தேயாமலும் இருந்தால் புதிய வளையங்களே போதும். தேய்ந்திருந்தால் மட்டும் கடைந்து, 0.25 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடலாம். ஒரு மில்லிமீட்டர் வரை படிப்படியாகப் பெரிய அளவுகள் கிடைப்பதால், முதல் முறையே பெரிதாகக் கடைவது வரும் ஆண்டுகளின் இருப்பை வீணாக்குவதாகும்.

வளையம் இவ்வளவு விரைவில் தேய்வதற்குத் தோட்டச்சாலையின் தூசியே பெருங்காரணம். காற்றுவடிகட்டி கிழிந்தாலோ, ஓசைக்காகச் சிலர் செய்வதுபோல் கழற்றி எறிந்தாலோ, செம்மண் உள்ளே புகுந்து உப்புத்தாள்போல் சுவரைத் தேய்க்கும். காருக்குரிய எண்ணெயும் வேண்டாம், கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்ற குறியீடு உள்ளதா எனப் பார்த்து வாங்குங்கள்.

பழுது பார்த்தபின் முதல் 500 கிலோமீட்டர் முழு வேகத்தில் ஓட்டாமல், பாரமும் ஏற்றாமல் இருங்கள். பிறகு அந்த எண்ணெயை வடித்து மாற்றி, பழைய குறிப்பேட்டின் அடுத்த வரியில் கிலோமீட்டர் கணக்கை எழுதி, மருந்துப் புட்டியை மீண்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.