கடைக்குப் பெயின்ட் அடித்தோம், வயரை மாற்றினோமா?

கடை வைத்திருக்கும் நம்மவர்களிடம் கடைசியாக எப்போது பெயின்ட் அடித்தீர்கள் என்று கேட்டால் உடனே பதில் வரும். அநேகமாக நோன்புப் பெருநாளைக்கு முன்பு என்பார்கள். வயரிங்கை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால், "அது வாப்பா காலத்தில் போட்டது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நானும் பல வருடங்களாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாதம்பேயிலிருந்து தெனியாய வழியாகக் காலிக்குச் செல்லும் ஏ-17 வீதியில்தான் எங்கள் றக்வானைப் பட்டணம் இருக்கிறது. எங்களுடையது பழைய கட்டடத்தில் நடக்கும் பலசரக்குக் கடை. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் சம்பளம் போடும் நாட்களை அண்டித்தான் எங்கள் வியாபாரம். வாப்பாவின் காலத்தில் நான்கு பல்பும் ஒரு ரேடியோவும்தான். பிறகு ஒரு பிரிட்ஜ் வந்தது. அதன் பின் ஐஸ்கிறீம் பிரீஸர், மிளகாய்த்தூள் அரைக்கும் மெஷின், கேத்தல், சீசீடீவி கமரா என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சுவரில் ஓடிய வயர் மட்டும் அதே வயர்.

ஒரு சம்பள நாளன்று கடையில் நல்ல கூட்டம். மழை ஈரத்தில் சீமெந்துத் தரை நனைந்திருந்தது. கடையில் வேலை செய்த தோட்டத்துப் பையன் வெறுங்காலுடன் போய் பிரீஸரின் மூடியைத் திறந்தான். கை ஒட்டிக்கொண்டது. தம்பி ஓடிப்போய் மெயின் சுவிட்ச்சை இறக்கியதால் பையன் பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள்.

அன்று மாலை தோட்டத்திலிருந்து அவனுடைய தாய் நடந்தே வந்தார். அவர் சத்தம் போடவில்லை. "முதலாளி, பெட்டியில கரண்ட் அடிக்குதுன்னு புள்ள முந்தியே சொன்னானாமே?" என்று மட்டும் கேட்டார். அவன் சொன்னது உண்மை. செருப்புப் போட்டுக்கொண்டு திற என்று நான் சொன்னதும், பிரீஸருக்கு முன்னால் ஒரு பலகையைப் போட்டதும் உண்மை. அந்தத் தாய்க்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே வயரிங் பாஸ் ஒருவரை அழைத்தேன்.

பாஸ் கூரைக்குள் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து ஒரு துண்டு வயரை மேசையில் வைத்தார். இறப்பர் உறை காய்ந்துபோய் விரல் பட்டவுடனேயே பொரிந்து கொட்டியது. உள்ளே செம்பு வெறுமையாகத் தெரிந்தது. அவர் கண்டுபிடித்த குறைகளை இங்கே எழுதுகிறேன். உங்கள் கடையிலும் இவை இருக்கக்கூடும்.

முதலாவது, எர்த் இல்லை. பழைய முறையில் சிவப்பு, கறுப்பு என இரண்டு வயர்கள்தான் ஓடின. பிரீஸரின் உள்ளே கசிந்த மின்சாரம் தரைக்குப் போக வேறு வழியில்லாததால், தொட்டவனின் உடம்பு வழியாகப் போனது.

இரண்டாவது, ட்ரிப் சுவிட்ச் இல்லை. கடைகளிலும் வீடுகளிலும் வழமையாகப் பொருத்தப்படும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், அந்த அளவு மின்சாரம் வெளியே கசிந்தாலே ஒரு விநாடியின் பத்தில் மூன்று பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். பழைய பியூஸ் அப்படியல்ல. பல அம்பியர் பாய்ந்தால்தான் அது உருகும். மனிதனின் இதயத்தை நிறுத்த அதில் மிகச் சிறிய பங்கே போதும்.

மூன்றாவது, பியூஸில் இருந்தது பியூஸ் கம்பியே அல்ல. அடிக்கடி போகிறது என்று யாரோ வயரிலிருந்து உருவிய செம்பு இழைகளைச் சுற்றி வைத்திருந்தார்கள். அந்த 'யாரோ' நானாகவும் இருக்கலாம். பியூஸ் உருகாவிட்டால் சுவருக்குள் இருக்கும் வயர்தான் உருகும்.

நான்காவது, அரைக்கும் மெஷினுக்கு பல்ப் வயரிலிருந்து மின்சாரம் எடுத்திருந்தோம். இதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. நமது மின்சாரம் 230 வோல்ட். 2,000 வாட் கேத்தல் ஒன்று ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். இரண்டு குதிரை வலு மோட்டார் ஓடும்போது 10 அம்பியர் அளவில் இழுக்கும், தொடங்கும் கணத்தில் அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். பல்புக்குப் போடும் 1/1.13 வயர் இவை இரண்டையும் ஒன்றாகத் தாங்காது. மின்சாரம் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். சூடு ஏற ஏற உறை காயும், ஜொயின்ட் தளரும், தளர்ந்த ஜொயின்ட் இன்னும் சூடாகும். கடைகள் இரவில் எரிவது பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

பழையதை ஒட்டுப்போட்டுத் தரும்படி பாஸிடம் கேட்டேன். "முதலாளி, பாதி மாற்றினால் மீதிப் பாதி நெருப்பு வைக்கும்" என்றார். முழுவதையும் மாற்றத் தீர்மானித்தோம். சம்பள நாட்களைத் தவிர்த்து, மாதத்தின் கடைசி வாரத்தில் மூன்று நாட்கள் கடையை மூடினோம்.

வேலைக்கு முன்பு கடையிலுள்ள மின்சாதனங்கள் அனைத்தையும் அவற்றின் வாட் அளவுடன் ஒரு தாளில் எழுதினோம். அதைப் பார்த்துத்தான் பாஸ் பாதைகளைப் பிரித்தார். பல்புகளுக்கு 1/1.13, பிளக் பொயின்ட்களுக்கு 7/0.67 என்று வயர் தனித்தனியே போட்டார். அரைக்கும் மெஷினுக்கு வேறு எதனோடும் சேராத தனி வயர். பிரீஸருக்கும் தனிப் பாதை. ஒவ்வொரு பாதைக்கும் அதன் வயருக்கு ஏற்ற ஓட்டோ சுவிட்ச். எல்லாவற்றுக்கும் மேலாக ட்ரிப் சுவிட்ச். கடையின் பின்புறத்தில் எர்த் கம்பி அடித்து, ஒவ்வொரு பொயின்ட்டுக்கும் எர்த் வயர் கொண்டுவந்தார். அரிசி மூடைகளுக்குப் பின்னால் எலி கடிக்காதபடி எல்லாம் குழாய்க்குள் போனது. ஜொயின்ட்கள் பெட்டிக்குள் மட்டுமே. முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய ஜொயின்ட் ஒன்றுகூட இல்லை.

பிளக் பொயின்ட்கள் அனைத்தையும் 13 அம்பியர் சதுர முனை வகைக்கு மாற்றினோம். இலங்கையின் தேசிய தரமாக ஏற்கப்பட்டிருப்பது இந்த வகைதான். மூன்று உருண்டை முனைகளைக் கொண்ட பழைய பிளக்குக்கும் புதிய பொயின்ட்டுக்கும் நடுவில் அடப்டர் செருகும் பழக்கத்தையும் அன்றோடு விட்டோம்.

வயர் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு வயர்களும் சந்தையில் உண்டு. நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வியாபாரியான நாமே கலப்படச் சரக்குக்கு ஏமாறக் கூடாது.

பாஸைத் தெரிவு செய்யும்போதும் கூச்சப்படாமல் என்.வி.கியூ. சான்றிதழைக் கேளுங்கள். வேலை முடிந்ததும் 'மெகர்' கருவியால் வயர்களைச் சோதித்து, எர்த்தையும் அளந்து, அளவுகளைக் கையொப்பத்துடன் எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தச் சுவிட்ச் எந்தப் பாதைக்கு என்ற படம் ஒன்றை எங்கள் பாஸ் வரைந்து தந்தார். அது இன்றும் மெயின் சுவிட்ச் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது.

இன்னொரு விடயம். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் பலர் ஜெனரேட்டர் வாங்கினார்கள். சிலர் இரண்டு பக்கமும் பிளக் பூட்டிய வயரால் ஜெனரேட்டரைச் சுவர்ப் பொயின்ட்டில் செருகினார்கள். மெயின் சுவிட்ச்சை இறக்க மறந்தால் அந்த மின்சாரம் வீதிக் கம்பிக்குப் போகும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் மனிதன் சாவான். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டில் ஒரு பக்கத்தை மட்டும் இணைக்கும் 'சேஞ்ச் ஓவர்' சுவிட்ச் இல்லாமல் அதை இயக்கவே கூடாது.

எங்கள் சப்ரகமுவையில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடி மின்னல் கடுமையாக இருக்கும். அப்போது ட்ரிப் சுவிட்ச் சில வேளை விழும். தொல்லை என்று அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கடைக் காவல்காரனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது. மின்னல் இல்லாத நேரத்திலும் அடிக்கடி விழுந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம். பாஸை அழைத்து அதைத் தேடுங்கள். மாதம் ஒரு முறை அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது பழுது.

செலவு எவ்வளவு என்று கேட்பீர்கள். வயரின் விலை நாளுக்கு நாள் மாறுவதால் தொகை சொல்வதில் பயனில்லை. எனக்கு ஒரு நல்ல பிரீஸரின் விலையை விடச் சற்றுக் கூடுதலாக முடிந்தது. கழற்றிய பழைய செம்பை விற்றதில் கொஞ்சம் திரும்பி வந்தது. தகாபுல் எடுத்திருப்பவர்களும் வயரிங் விடயத்தில் என்ன நிபந்தனை இருக்கிறது என்று பத்திரத்தை ஒரு முறை வாசித்து வையுங்கள். எரிந்த சரக்குக்கு ஈடு கிடைக்கலாம். போன உயிருக்குக் கிடைக்காது.

உறங்கப் போகும்போது வீட்டில் நெருப்பை எரிய விடாமல் அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். நம் காலத்து நெருப்பு சுவருக்குள் வயரில் இருக்கிறது. அதைக் கவனிப்பதும் இந்தக் கட்டளையைச் சேர்ந்ததே என்று நான் நம்புகிறேன். நம்மிடம் வேலைக்கு வரும் பிள்ளைகள் அவர்களின் தாய் தகப்பன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள்.

அந்தப் பையன் இரண்டு வாரங்களின் பின் வேலைக்குத் திரும்பினான். பிரீஸரின் முன்னால் கிடந்த பலகையை எடுத்து வெளியே போடச் சொன்னேன். இந்த வாரம் கடையை மூடுமுன் உங்கள் மெயின் சுவிட்ச் பெட்டியை ஒரு முறை திறந்து பாருங்கள். உங்கள் கடையில் எங்காவது அப்படியொரு பலகை கிடக்கிறதா என்றும் பாருங்கள். அல்லாஹ் நம் அனைவரின் உயிரையும் பொருளையும் பாதுகாப்பானாக.