உங்களுக்குத் தெரியுமா? மூதூரில் பறிபோன 17 உயிர்கள்

இலங்கையின் திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் மறுகரையில் இருக்கிறது மூதூர். 2006 ஆகஸ்ட் 4 அன்று பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டனர். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையோடு, அலுவலக வளவுக்குள் குப்புறக் கிடந்தன உடல்கள்.

போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அரச படையினரைப் பொறுப்பாக்கியது, அரசு மறுத்தது. அரசு அமைத்த உடலாகம ஆணைக்குழு விசாரித்த பின்னும் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

படையினரின் குற்றத்தை அறிந்தும் தடுக்காத, தண்டிக்காத தளபதியும் குற்றவாளியே என்கிறது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய 1998 ரோம் சாசனத்தின் 28ஆம் உறுப்புரை. படையினரைக் கட்டுப்படுத்தத் தவறியதற்காகவே ஜப்பானியத் தளபதி யமஷிட்டா 1946இல் தூக்கிலிடப்பட்டார். ரோம் சாசனத்தில் இலங்கை இன்னும் சேரவில்லை. சேர வேண்டும்; அந்த 17 குடும்பங்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.