பழைய வீட்டின் கரிக் கணக்கு

கல்வியை நாடிக் கொல்கத்தா வந்த நம்மில் பலர், லேக் மார்க்கெட்டுப் பக்கம் ஏதேனும் ஒரு பழைய மாடிக் கட்டிடத்தில் தங்கியிருக்கிறோம். சித்திரை பிறந்துவிட்டால் அங்கே எழும் பேச்சு ஒன்றுதான்: “இதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் என்ன? ஏ.சி.யாவது வைத்தால் என்ன?” விடை காணுமுன் அவ்வீட்டின் கணக்கைச் சற்றே பார்ப்போம்.

1899-ஆம் ஆண்டில் இமாம்பாக் சந்தில் அனல் மின் நிலையம் அமைந்தது. கொல்கத்தாவில் மின்விளக்கு பரவலாயிற்று. ஆயினும் அக்காலத்தில் வீடு கட்டியவர்கள் மின்சாரத்தை நம்பிக் கட்டவில்லை. காற்றை நம்பிக் கட்டினார்கள். கனத்த செங்கற்சுவர் பகல் வெப்பத்தை வாங்கி மெல்ல விடுகிறது. உயர்ந்த கூரை சூடான காற்று மேலேற இடம் தருகிறது. வங்காளிகள் ‘கொர்கொரி’ என்று கூறும் சாய்பலகைச் சன்னல், வெயிலை நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடுகிறது.

இத்தகைய வீட்டில் ஏ.சி. வைத்தால் என்ன ஆகும்? காற்று புகுவதற்கென்றே அமைந்த இடுக்குகளின் வழியே குளிர்ச்சி வெளியேறும். கருவி கக்கும் வெப்பமோ முற்றத்தில் தேங்கி அடுத்த வீட்டுச் சன்னலில் நுழையும். அவரும் ஒன்று வாங்குவார்!

ஒன்றரை டன் கருவி மணிக்கு ஏறக்குறைய 1.5 யூனிட் கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 வீடுகளில் இரவு 8 மணி நேரம் ஓடினால் 240 யூனிட். கொல்கத்தாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவது. ஹூக்ளிக் கரையிலுள்ள பட்ஜ் பட்ஜ் நிலையமும் அத்தகையதே. இந்தியச் சராசரிப்படி யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு எனக் கொண்டால், ஓர் இரவுக்கு 168 கிலோ. ஒரு மாதத்துக்கு ஐந்து டன்! அதே 20 வீடுகளில் 30 வாட் சிக்கன மின்விசிறி ஒவ்வொன்று அதே நேரம் சுழன்றால் 5 யூனிட்டுக்கும் குறைவே.

இடித்துக் கட்டினால் தீருமா? ஒரு டன் சிமெண்டு உருவாகும்போதே அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. செங்கல் சூளையும் இரும்பு உலையும் தனிக்கணக்கு. பழைய வீட்டுக்கு அச்செலவு என்றோ முடிந்துவிட்டது. அதை இடிப்பது, அடைத்த கடனை மீண்டும் வாங்குவதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் ஏன் பழுது பார்ப்பதில்லை? இங்குதான் முடிச்சு இருக்கிறது. மேற்கு வங்கத்தின் 1956, 1997 வாடகைச் சட்டங்கள் குடியிருப்போருக்குக் காவலாயின. ஆனால் பல பழைய வீடுகளில் வாடகை மிகச் சிறிது. வரும் பணம் போதாதென்று உரிமையாளர் கைவிடுகிறார்; வீடு தமதன்று என்று குடியிருப்பவர் கைவிடுகிறார். இருவருக்குமிடையே சன்னல் மட்கிப்போகிறது.

பழைய வீடெல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. புழுக்கம் மிகுந்த இரவுகளில் முதியோருக்கும் நோயாளிக்கும் ஏ.சி. தேவைப்படலாம். அவர்களுக்கு ஓர் அறையின் இடுக்குகளை நன்கு அடைத்து, அங்கே மட்டும் வைக்கலாம். மற்றவர்களுக்குச் செய்யத்தக்கவை எளியவை: சன்னற்பலகைகளைச் சீராக்குதல், மொட்டைமாடிக்கு வெள்ளை பூசுதல், பழைய விசிறியை மாற்றுதல், தொட்டி வழிய வழிய மோட்டார் ஓடாமல் பார்த்தல்.

இவற்றுக்கு ஆகும் செலவை உரிமையாளரும் குடியிருப்போரும் பங்கிட்டுக்கொள்ள முன்வரவேண்டும். அந்தப் பேச்சை வாடகை மாணவர்களாகிய நாமே தொடங்கலாமே!