கருவின் செய்திப் பதிவும் சாதனச் செலுத்திகளும்

கணனியின் வன்பொருளுக்கும் அதன்மீது இயங்கும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைப்பது பணிசெயல் முறைமை. அதன் மையப் பகுதியைக் கரு என்பர். வட்டு, விசைப்பலகை, வலையமைப்பு அட்டை முதலிய ஒவ்வொன்றின் இயல்பையும் அறிந்து அதனை இயக்கும் நிரற்பகுதியே சாதனச் செலுத்தியாகும். 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய லினக்ஸ் கருவை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இச்செலுத்திகளின் தவறுகள் எவ்வாறு அறியப்படுகின்றன என்பதை நாம் இங்கு நோக்குவோம்.

லினக்ஸில் பெரும்பாலான செலுத்திகள் கருவின் உள்ளேயே, கருவுக்குரிய முழு அதிகாரத்துடன் இயங்குகின்றன. ஆதலால் ஒரு செலுத்தியின் தவறு முறைமை முழுவதையும் நிறுத்திவிடக்கூடும். செலுத்திகளில் தவறுகளின் வீதம் கருவின் ஏனைய பகுதிகளிலும் மூன்று தொடக்கம் ஏழு மடங்கு வரை மிகுந்திருந்தது என, 2001 இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று.

இத்தகைய தவறுகளைக் கரு ஏன் நேரே ஒரு கோப்பில் எழுதுவதில்லை? முறைமை தொடங்கும் வேளையில் கோப்புகளே அணுகத்தக்கனவாய் இரா. பழுதுற்றது வட்டின் செலுத்தியாகவும் இருக்கலாம். எனவே செய்திகள் முதலில் நினைவகத்திலுள்ள ஒரு வட்டத் தாங்ககத்தில் இடப்படுகின்றன. அதன் வழமையான அளவு 128 கிலோபைற்று. அது நிறைந்ததும் புதிய செய்தி மிகப் பழையதை அழித்து அதன் இடத்தைப் பெறுகிறது.

செய்திகள் 0 முதல் 7 வரை எட்டுத் தரங்களாக வகுக்கப்பட்டுள்ளன. 0 என்பது முறைமை பயன்படா நிலை. 7 என்பது நிரலாளருக்கான நுண்விபரம். இங்கு ஒரு முரண்பாடு உண்டு. செலுத்தி பேசாதிருப்பின் காரணம் தெரியாது. அளவுக்கு மீறிப் பேசினால் முதற்காரணத்தைக் கூறிய செய்தியே அழிந்துபோகும். இதனாலேயே ஒரே செய்தியை 5 விநாடிக்கு 10 தடவைக்கு மேற்படாது மட்டுப்படுத்தும் ஏற்பாடு செய்யப்பட்டது. பதிவை ஆராய்வோர் இறுதிச் செய்தியையன்றி, வழமைக்கு மாறான முதற் செய்தியையே தேடவேண்டும். பின்வருவன பெரும்பாலும் அதன் விளைவுகளே.

பதிவிடுதலுக்கும் ஒரு விலையுண்டு. விநாடிக்கு 1,15,200 பிற்று வேகமுடைய தொடரிணைப்பில் 80 எழுத்துக்கள் கொண்ட ஒரு வரி வெளிவர ஏறக்குறைய 7 மில்லிவிநாடி செல்லும். காலந்தவறாது இயங்கவேண்டிய பொறிகளுக்கு இது பெருந் தாமதம். 2020 டிசெம்பரில் வெளிவந்த 5.10 ஆம் பதிப்பில் பூட்டில்லாத தாங்ககம் புகுத்தப்பட்டது. எனினும், நிகழ்நேர இயக்கம் 2024 நவம்பரில் வெளிவந்த 6.12 ஆம் பதிப்பிலேயே மூலக் கருவில் முழுமை பெற்றது. அதற்கு இறுதித் தடையாயிருந்ததும் இச்செய்தி வெளியீட்டு முறையே.

இனி, இப்பதிவை வாசிக்கும் உரிமை யாருக்குரியது என்னும் வினா எழுகின்றது. பதிவிலுள்ள உள்விபரங்கள் தாக்குவோருக்கும் உதவுமாதலால், பலர் பயன்படுத்தும் கணனிகளில் அதனை நிருவாகிக்கு மட்டும் உரியதாக்குதல் நியாயமே. ஆயின், மூலநிரல் மறைக்கப்பட்ட செலுத்தியின் நிலை வேறு. அதனை ஏற்றியதும் கரு தன்னைக் ‘கறைபட்டது’ எனக் குறித்துக்கொள்கிறது. பின்னெழும் பழுதறிக்கைகளிலும் அக்குறி இடம்பெறும். பழுது நேர்ந்த இடத்தைப் பதிவு சுட்டிக்காட்டினும், அவ்விடத்து நிரலைத் திறந்து பார்த்துத் திருத்த அதனைப் பயன்படுத்துவோரால் இயலாது. செய்தி எல்லோருக்கும் எட்டுவது மட்டும் போதாது. அது சுட்டும் பொருளும் எட்டவேண்டும். அப்போதே கணனியைப் பயன்படுத்துவோர் அதனை ஆள்வோருமாவர்.